எல்லாத் தூரத்துக்கும் ஒரே கண்ணாடி: மலையகத்தில் புரோகிரசிவ் எடுப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களை நினைத்தே எழுதுகிறேன். படியும் சரிவும் பனிமூட்டமும் இல்லாத ஊர்க்காரருக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது.

புரோகிரசிவ் என்றால் என்ன? பைபோக்கலும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பைபோக்கலில் லென்ஸின் அடியில் ஒரு சின்னத் துண்டு தனியாகத் தெரியும். மேலே தூரம், துண்டில் கிட்டம், இடையில் எதுவுமில்லை. புரோகிரசிவில் கோடு கிடையாது. மேல் பகுதி தூரத்துக்கு. அங்கிருந்து கீழே இறங்க இறங்க பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, அடியில் வாசிப்பதற்கான பவர் வந்துவிடும். நடுவில் உள்ள பகுதியில்தான் கொம்பியூட்டர் திரை, கடை மேசை, வாகனத்தின் மீட்டர் எல்லாம் தெரியும். 1959இல் பிரான்ஸில் வரிலக்ஸ் என்ற பெயரில் இந்த வகை லென்ஸ் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்தவர் பெர்னார் மெத்தனாஸ் என்ற பொறியியலாளர்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு குறை உண்டு. நடுவில் பவர் மாறிக்கொண்டே போவதால் இரண்டு பக்க ஓரங்களிலும் காட்சி கலங்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் கலங்கல் முழுதாகப் போகாது. நல்ல லென்ஸில் குறையும், ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு எடுப்பவர்கள் பழகிவிடுவார்கள். சொல்லாமல் விற்றால் இரண்டாம் நாளே கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

எனக்கு 42 வயது. தூரம் நன்றாகத் தெரிகிறது, போனில் எழுத்து மட்டும் மங்கல். இப்போதே வேண்டுமா?

கட்டாயமில்லை. இது வெள்ளெழுத்து, கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகிப்போவதால் எல்லோருக்கும் வருவது. தூரப் பவர் எதுவும் இல்லாமல், எப்போதாவதுதான் வாசிப்பவர் என்றால் சாதாரண வாசிப்புக் கண்ணாடி போதும்.

ஆனால் நாள் முழுக்க நிமிர்ந்தும் குனிந்தும் பார்க்கிற வேலை என்றால் தள்ளிப்போடாதீர்கள். கூட்ட வேண்டிய பவர் குறைவாக இருக்கும் இந்த வயதில் ஓரக் கலங்கலும் குறைவு, பழகுவது சுலபம். 55 வயதில் முதல்முறையாக எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

யாருக்கு எது பொருந்தும்? எல்லோரும் புரோகிரசிவ்தான் நல்லது என்கிறார்களே.

எல்லோருக்கும் நல்லதல்ல. பவரும் விலையும் பேசுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: காலையிலிருந்து இரவு வரை எதைப் பார்க்கிறீர்கள், அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது? வீட்டில் ஒருமுறை தையல் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். புத்தகம் 35 முதல் 40 சென்டிமீற்றர் இருக்கும், கொம்பியூட்டர் திரை 50 முதல் 70 வரை. உங்கள் வேலை மேசையின் தூரம் எவ்வளவு என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கண் பரிசோதிப்பவரிடம் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்குப் புரோகிரசிவ் மிகவும் பொருந்தும். கரும்பலகை, பிள்ளைகளின் முகம், மேசையில் கொப்பி என்று மூன்று தூரமும் மாறி மாறி வரும். வங்கி, தபாலகம், தோட்டத்து ஒப்பீஸில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். கணக்கப்பிள்ளைமார், கங்காணிமார் மலையையும் பார்க்க வேண்டும், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் நல்லது. ஆனால் சரிவில் நடப்பது பற்றிக் கீழே சொல்வதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நாள் முழுக்கத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒப்பீஸ் லென்ஸ் என்று வேறொன்று இருக்கிறது. அதில் நடுத்தூரப் பகுதி அகலமாக இருக்கும். அறைக்குள் தெளிவாகத் தெரியும், ரோட்டுக்குப் போட்டுப் போக முடியாது. சாதாரண புரோகிரசிவில் திரையைப் பார்க்க நாடியைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வாங்கிக்கொள்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

தையல்காரருக்கு ஊசிக்கண்ணும் துணியும் ஒரே தூரம், பார்வையும் அகலமாக வேண்டும். தனி வாசிப்புக் கண்ணாடிதான் அவருக்கு வசதி. வாகனத்துக்கு அடியில் படுத்து வேலை செய்யும் மெக்கானிக், கூரையில் வயர் இழுப்பவர், மேல் தட்டில் மருந்துப் பெயர் தேடும் பார்மசிக்காரர் ஆகியோருக்குக் கிட்டப் பார்வை தலைக்கு மேலே வேண்டும். புரோகிரசிவில் அது அடியில் இருக்கிறது. வேலை நேரத்துக்கு அவர்கள் வேறு கண்ணாடி வைத்துக்கொள்வதே நல்லது.

அம்மாவுக்கு 58 வயது, கொழுந்து பறிக்கிறார். நல்ல கண்ணாடியாக எடுத்துக் கொடுக்கலாம் என்று புரோகிரசிவ் கேட்டோம். சரியா?

பிள்ளைகள் ஆசையோடு கேட்பது இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொழுந்து பறிக்கிறவர் கண்ணைக் கவனியுங்கள். செடியின் மட்டம் இடுப்பளவு. கண்ணுக்கும் கொழுந்துக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு கை நீளம். அதற்கு அடுத்த நொடி கால் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்: கான், கல், ஈரமான வேர், மழை நாளில் வழுக்கும் மண். கால் கண்ணிலிருந்து ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால், பார்வை லென்ஸின் அடிப்பகுதி வழியாகப் போகும். அங்கே இருப்பது ஒன்றரை அடித் தூரத்தில் வாசிப்பதற்கான பவர். அதற்குள்ளால் பார்த்தால் தரை மங்கும், இருக்கிற இடத்தை விடக் கிட்ட வந்தது போலத் தெரியும். கூடையோ பையோ பாரமாகத் தொங்கும்போது தலையை நினைத்தபடி குனியவும் முடியாது.

இது வெறும் ஊகமல்ல. புரோகிரசிவ், பைபோக்கல் போட்ட முதியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்து 2010இல் வெளியானது. வெளியே நடமாடும்போது போட தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்கடி வெளியே இறங்கி நடமாடுகிறவர்கள் விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வெளியில் விழுவது அவர்களுக்குக் கூடியது. ஆகவே எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது, நடமாட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு என் யோசனை: தூரப் பவர் இருந்தால் மலைக்குப் போக அதற்கு மட்டும் ஒரு கண்ணாடி, பின்னால் கயிறு கட்டி. வீட்டில் மருந்துச் சீட்டு, சம்பளத் துண்டு, போன் பார்க்க ஒரு வாசிப்புக் கண்ணாடி. இரண்டும் சேர்ந்தே ஒரு நல்ல புரோகிரசிவை விட விலை குறையும். தூரப் பவரே இல்லை என்றால் மலைக்குக் கண்ணாடி வேண்டாம். கொழுந்தே மங்கலாகத் தெரிகிறது என்றால் அதைப் பரிசோதனையின்போது சொல்லி, கை நீளத் தூரத்துக்கு எவ்வளவு பவர் தேவை, அதைப் போட்டு நடக்க முடியுமா என்று அங்கேயே நடந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு, கோயில், கிளினிக், பேரப்பிள்ளைகள் என்று ஆகும்போது புரோகிரசிவ் கேட்டால் தாராளமாக எடுக்கலாம்.

லயத்துப் படி, ஸ்டேஷன் படி இறங்குவது எப்படி?

நாடியை நெஞ்சோடு சேர்ப்பது போலத் தலையைக் குனியுங்கள். அப்போது படியை லென்ஸின் மேல் பகுதியால் பார்ப்பீர்கள். கம்பி இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளும் சமதரையிலும் பழகுங்கள். நானுஓயா ரயில் மேடையிலோ மழையில் நனைந்த குறுக்குப் பாதையிலோ பழகத் தொடங்க வேண்டாம்.

டொக்டர் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்பியர் என்பது தூரப் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, பிளஸ் என்றால் தூரப்பார்வை. சிலிண்டரும் ஆக்சிஸும் சேர்ந்தது கருவிழியின் வளைவு சீராக இல்லாததைத் திருத்த. ஆட் என்பதுதான் நமக்கு முக்கியம். தூரப் பவருக்கு மேல், கிட்டப் பார்க்க எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கணக்கு அது. 45 வயதில் பெரும்பாலும் +1.00, +1.25 அளவில் தொடங்கி அறுபதில் +2.50 வரை போகும். ஆட் கூடக் கூட ஓரக் கலங்கலும் கூடும்.

சீட்டு பழசு என்றால் அதை வைத்துப் புரோகிரசிவ் எடுக்காதீர்கள். திரும்பப் பரிசோதியுங்கள்.

சீனி வருத்தம் இருக்கிறது. கெட்டரெக்டும் (கண்புரை) தொடங்கியிருக்கிறதாம். பரவாயில்லையா?

அவசரப்படாதீர்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். இன்று அளந்த பவர் அடுத்த மாதம் பொருந்தாது. சீனி சில வாரங்களாவது ஒரு நிலைக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். அதோடு, சீனி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் விழித்திரையைக் காட்டுங்கள். விழித்திரையில் வரும் சேதம் தொடக்கத்தில் வலிக்காது, தெரியவும் செய்யாது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

கெட்டரெக்ட் ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்திருந்தால் இப்போது விலை கொடுத்து லென்ஸ் எடுக்க வேண்டாம். ஒபரேஷனுக்குப் பிறகு பவர் முற்றிலும் மாறிவிடும். கண் ஆறி, டொக்டர் சொன்ன பிறகு, பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் கழித்து, எடுக்கலாம்.

எந்த மாதிரி பிரேம் எடுக்க வேண்டும்?

ஒடுங்கிய பிரேமைத் தவிருங்கள். மேலே தூரம், நடுவில் திரை, கீழே வாசிப்பு என்று மூன்றுக்கும் இடம் வேண்டும். லென்ஸின் உயரம் 30 மில்லிமீற்றராவது இருக்கட்டும். கண்மணியின் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை 18 மில்லிமீற்றர் இருந்தால் எந்த வகை லென்ஸும் தாராளமாக உட்காரும். 14க்கு ஏற்ற லென்ஸும் இருக்கிறது, ஆனால் பவர் மாறும் தூரம் குறைவதால் நடுப்பகுதி ஒடுங்கிவிடும்.

மூக்கில் சறுக்கும் பிரேம் புரோகிரசிவுக்கு ஆகாது. இரண்டு மில்லிமீற்றர் கீழே இறங்கினாலே வாசிக்க நாடியைத் தூக்க வேண்டி வரும். மூக்குப் பட்டையை வளைத்துச் சரிசெய்யக்கூடிய மெட்டல் பிரேம்தான் நம் மூக்குகளுக்கு நல்ல தெரிவு என்பது என் அபிப்பிராயம். முகத்துக்கு அகலமாகத் தொங்கும் பெரிய பிரேமும் வேண்டாம். லென்ஸின் ஓரம் கூடினால் கலங்கும் பகுதிதான் கூடும்.

அளவு எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

திரும்பச் செய்ய வேண்டி வரும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிழையாகிப் போகின்றன. பிரேமை முதலில் உங்கள் முகத்துக்குப் பொருத்தி வளைத்துவிட்டு, அதன் பிறகே அளக்க வேண்டும். அளப்பவர் உங்கள் கண் மட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, டம்மி லென்ஸில் மார்க்கர் பேனாவால் இரண்டு கண்மணிக்கும் நேராகப் புள்ளி வைப்பார். நீங்கள் வழக்கம்போல் தலையை வைத்து நேரே பாருங்கள். படம் பிடிக்கும்போது நிமிர்வது போல நிமிரக் கூடாது.

மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணுக்கு ஒரு அளவு, இடது கண்ணுக்கு ஒரு அளவு என்று தனித்தனியே எழுத வேண்டும். மொத்தம் 62 மில்லிமீற்றர் என்று எழுதிப் பாதியாகப் பிரித்தால் போதாது, பலருக்கு 30.5, 31.5 என்று வித்தியாசம் இருக்கும். உயரமும் இரண்டு கண்ணுக்கும் தனி. பிரேமைப் போட வைக்காமல் ஸ்கேலை மூக்குக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும் இடத்தில் ஓர்டர் கொடுக்காதீர்கள்.

மகன் கட்டாரிலிருந்து நல்ல பிரேம் அனுப்பியிருக்கிறான். ஒன்லைனில் லென்ஸோடு எடுக்கலாமா என்றும் கேட்கிறான்.

பிரேம் வரட்டும், உயரம் சரியாக இருந்தால் இங்கேயே லென்ஸ் போடலாம். லென்ஸோடு வேண்டாம். தூரத்துக்கு மட்டுமோ வாசிப்பதற்கு மட்டுமோ என்றால் சீட்டை அனுப்பி எடுத்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். புரோகிரசிவுக்கு அந்தப் பிரேம் உங்கள் முகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அனுப்பிய பிறகு வளைத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமே.

சாதாரணமும் இருக்கிறது, விலை கூடியதும் இருக்கிறது. காசை எதில் போடுவது?

ஆட் +1.25 வரை உள்ளவருக்குச் சாதாரண வகையே போதும். +2.00க்கு மேல் போனால் லென்ஸின் வடிவமைப்புக்குக் காசு போடுங்கள். டிஜிட்டல் முறையில் கடைந்த லென்ஸில் நடுப்பகுதி அகலமாக இருக்கும். பிரேமில் குறைத்துக்கொண்டு லென்ஸில் கூட்டுவது நல்ல கணக்கு.

1.60, 1.67 என்று ஒளிவிலகல் எண்ணால் சொல்லும் மெல்லிய லென்ஸ் பவர் கூடியவர்களுக்கு. பவர் குறைந்தவர் அதற்குக் கொடுக்கும் காசு வீண். ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்களும் மரம் வெட்டுதல் போன்ற வேலையில் இருப்பவர்களும் சுலபத்தில் உடையாத பொலிகார்பனேட் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்: பழகவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் வந்தால், செலவில்லாமல் திரும்பச் செய்து கொடுப்பீர்கள்?

கோட்டிங் எது வேண்டும்? புளூ கட் நல்லதா? வெயிலில் கறுக்கும் லென்ஸ் இந்தக் குளிரில் வேலை செய்யுமா?

எதிரொளி குறைக்கும் கோட்டிங் எல்லோரும் போட வேண்டியது. கடுகண்ணாவை ஏற்றத்திலோ இறம்பொடை வளைவுகளிலோ இரவில் ஓட்டுகிறவர்களுக்கு, எதிரே வரும் லைட் லென்ஸுக்குள் இரட்டையாகத் தெறிப்பதை அது குறைக்கும். இரவு ஓட்ட மஞ்சள் கண்ணாடி என்று விற்பதை வாங்காதீர்கள். அது கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

புளூ கட் என்ற, நீல வெளிச்சத்தைக் குறைக்கும் லென்ஸைப் போட்டால் கண் களைப்புக் குறையும் என்பார்கள். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2023இல் வெளியானது. திரைக்கு முன் வரும் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே அதில் சொன்னார்கள்.

வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் குளிரில் இன்னும் நன்றாகவே கறுக்கும். அது வேலை செய்வது புற ஊதாக் கதிரால், சூட்டால் அல்ல. குளிரில் சிக்கல் என்னவென்றால் திரும்ப வெளுக்க நேரம் எடுக்கும். நுவரெலியாவில் வெயிலிலிருந்து கடைக்குள் நுழைந்தால் சில நிமிடம் இருட்டாக இருக்கும். பஸ், வேன் ஓட்டுகிறவருக்கு இது உதவாது. வாகனத்தின் முன் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் உள்ளே லென்ஸ் சரியாகக் கறுக்காது.

குளிர்கிறதே என்று வெயிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1000 மீற்றர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கண்ணாடியில் புகை படிகிறது.

குளிர்ந்த லென்ஸில் சூடான ஈரக் காற்றுப் பட்டால் படியத்தான் செய்யும். பனி படியாமல் தடுக்கும் ஸ்பிரே கிடைக்கும். படிந்தால் அரை நிமிடம் நில்லுங்கள், துடைத்துக்கொண்டே படி ஏறாதீர்கள்.

கண்ணாடி வந்துவிட்டது. வாங்கும்போது எதைப் பார்க்க?

புது லென்ஸில் மஞ்சள் அல்லது வெள்ளை மையில் கோடும் சிலுவைக் குறியும் இருக்கும். அதை அழிக்கும் முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலுவை இரண்டும் கண்மணிக்கு நேரே இருக்க வேண்டும். மை அழிந்தாலும் லென்ஸில் கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு சின்ன வட்டங்கள் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். காதுப் பக்கத்து வட்டத்துக்குக் கீழே உங்கள் ஆட் எழுதியிருக்கும். 20 என்றால் 2.00. சீட்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் கடை வாசலுக்கு வந்து தூரத்து போர்டைப் பாருங்கள், போனைப் பாருங்கள், பத்தடி நடந்து பாருங்கள்.

போட்டதும் தலை சுற்றுகிறது. தரை ஆடுகிறது. எத்தனை நாளில் சரியாகும்?

பலருக்குச் சில நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில். காலையில் எழுந்ததும் போடுங்கள், மத்தியானத்தில் மாற்றாதீர்கள். பழைய கண்ணாடியை இடையிடையே போட்டால் பழகவே பழகாது. பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணை ஓட்டாமல் மூக்கைத் திருப்புங்கள். வாகனத்தின் பக்கக் கண்ணாடிக்கும் இதே பழக்கம் வேண்டும். பழகும் வரை மலை ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

பழகவில்லையா, கண்ணாடி பிழையா என்று எப்படித் தெரியும்?

நேரே பார்த்தால் தூரம் மங்கி, நாடியைத் தாழ்த்தினால் தெளிகிறது என்றால் லென்ஸ் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாசிக்க நாடியைத் தூக்க வேண்டியிருந்தால் கீழே இறங்கியிருக்கிறது. பிரேம் சறுக்கியதாகவும் இருக்கலாம், மூக்குப் பட்டையைச் சரிசெய்தாலே தீரும். தலையை ஒரு பக்கம் திருப்பினால்தான் தெளிவு என்றால் கண்மணித் தூரம் பிழை. ஒவ்வொரு கண்ணையும் மூடிப் பார்த்து, ஒரு கண்ணில் மட்டும் எந்தத் தூரமும் தெளியவில்லை என்றால் பவரைச் சோதிக்க வேண்டும்.

இப்படி விவரமாகச் சொன்னால் கடைக்காரரால் உடனே கண்டுபிடிக்க முடியும். "சரியாத் தெரியலை" என்று மட்டும் சொன்னால் "பழகிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்திருக்காதீர்கள், சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம். காசு கொடுத்திருக்கிறீர்கள், உங்கள் கண்.

எப்படித் துடைப்பது?

முதலில் தண்ணீர், பிறகு துணி. தூசி இருக்கும்போது சாரி முந்தானையால் தேய்த்தால் கீறல் விழும். சுடுதண்ணீர் வேண்டாம். விறகடுப்புக்குப் பக்கத்திலும் வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டிலும் வைத்தால் கோட்டிங் வெடிக்கும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் ஆட் மாறிக்கொண்டிருக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதியுங்கள். சீனி, கண் அழுத்தம் உள்ளவர்கள் வருஷம்தோறும். பவர் மாறவில்லை, லென்ஸும் கீறவில்லை என்றால் மாற்றத் தேவையில்லை. பிரேம் உடைந்தால் அதே மொடல் கிடைக்குமா என்று பாருங்கள். வேறு பிரேமுக்குப் பழைய புரோகிரசிவ் லென்ஸை வெட்டிப் போட்டால் உயரமும் மையமும் தவறிவிடும். பழைய கண்ணாடியை எறியாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். புதியது உடைந்து, லேபிலிருந்து அடுத்த லென்ஸ் வரும் வரை அதுதான் கைகொடுக்கும்.